ஒன்பதாம் சாளர முற்றுகைப் படலம்

ஏணியின் நான்காம் படிவரை அஞ்சா நெஞ்சினனும், ஐந்தாம் படி முதல் சற்றே அஞ்சும் நெஞ்சினனும், யெம்ட்லாந்து நாட்டுப் பனிப்பாதைகளில் பல்லாண்டு அஞ்சல் வண்டி செலுத்தி ஒரேயொரு முறை மட்டும் பள்ளத்தில் இறங்கியவனும், ஏரிக்கரைச் செங்காவி மரமனையின் சரிபாதிக்கு உரிமையாளனும், மறுபாதிக்கு உரியவளாகிய பார்ப்ருவின் கைப்பிடித்த கணவனும், ஓர் ஆணியை இரண்டாம் முயற்சியில் நேராக அடிக்க வல்லவனுமாகிய ஸ்டூரே என்னும் பெருந்தகையை முதற்கண் வணங்குகின்றோம். அவன் வாகை பாட நமக்கு நா வேண்டும். நா வறளாதிருக்கக் காபி வேண்டும். ஆளிவிதை எண்ணெய் மணக்கும் லப்பமே, நீ வந்து இந்தக் காவியத்தின் விரிசல்களை அடைப்பாயாக. உப்புத்தாளே, எம் சொற்களின் சொரசொரப்பை நீக்குவாயாக. இழைப்புளியே, உன்னிடம் ஒரு வேண்டுகோள் மட்டும்: எதையும் அளவோடு செய்.

நாட்டு வளம் பாடிய பின்னரே போர்க்களம் பாடுதல் மரபு. அந்நாட்டில் கோடை வந்தால் காலணியைக் கழற்றாமலே நடையில் நின்று பேசிவிட்டுப் போகும் விருந்தாளி. அது நிற்கும் அந்தச் சிறு பொழுதுக்குள் மாந்தர் எல்லாரும் கூரை மாற்ற வேண்டும், வேலிக்கு வண்ணம் பூச வேண்டும், விறகு பிளந்து அடுக்க வேண்டும், புகைபோக்கியைத் துடைக்க வேண்டும். இவ்வளவையும் செய்யாமல் இருப்பதற்கு ஏரியில் மீன் பிடிக்கவும் வேண்டும். நம் ஸ்டூரே இவற்றுள் கடைசியாகச் சொன்னதில் கரைகண்டவன். ஜூனில் நடுக்கோடை விருந்து வந்தது, அதன்பின் விருந்தின் தலைவலி வந்தது. ஜூலையில் நாடே விடுப்பில் போனபோது தான் மட்டும் உழைப்பது நாட்டுப்பற்றுக்கு இழுக்கென்று அவன் கருதினான். ஆகஸ்டிலோ அவுரிநெல்லி பழுத்துவிட்டது. இவ்வாறாக, சாளரம் ஏற்றப்படாமலே கிடந்தது.

எந்தச் சாளரம் என்பீராயின், சொல்லுவோம். அவ்வூர்ப் பழைய மனைகளில் சாளரம் ஒவ்வொன்றுக்கும் இரட்டைக் காவல். வெளிச்சட்டம் ஆண்டு முழுதும் தன் நிலையில் நிற்கும். உட்சட்டமோ வசந்தத்தில் கழற்றப்பட்டுக் களஞ்சியத்தில் துயிலும். குளிர் எழுமுன் மீண்டும் தூக்கி வரப்பட்டு, லப்பம் பூசப்பட்டு, உள்ளே பொருத்தப்படும். ஸ்டூரேயும் பார்ப்ருவும் சென்ற ஜனவரியில்தான் நகரத்து அடுக்குமாடியை விட்டு இந்த மனைக்குக் குடிவந்தார்கள். முன்பு இருந்தவர்கள் மாடியைப் புழங்காமல் பூட்டியே வைத்திருந்தபடியால், மாடிப் படுக்கையறைச் சாளரத்துக்கு மட்டும் உட்சட்டம் ஏறவில்லை. வெளிச்சட்டம் ஒன்றை மட்டும் நம்பிய அந்த அறைக்குள் வாடைக்காற்று தன் வீட்டுக்கு வருவதுபோல் வந்தது.

பார்ப்ரு பொறுத்தாள். கம்பளிக் காலுறை மேல் காலுறை அணிந்து பொறுத்தாள். ஒரு விடியலில் தலைமாட்டுக் குவளைத் தண்ணீர்மேல் மெல்லிய பனியேடு படிந்திருக்கக் கண்டதும், போர்வையை உருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினாள். அடுப்படியில் ஒரு மரச் சோபா உண்டு. மூடியைத் தூக்கினால் கட்டிலாகும். அங்கே விறகடுப்பின் பக்கத்தில், வானொலிப் பெட்டியின் பக்கத்தில், காபிக் கெண்டிக்குக் கையெட்டும் தொலைவில் அவள் படுக்கையை விரித்தாள். பனி உருகியபோதும் அவள் திரும்பி வரவில்லை. ஸ்டூரே மாடியில் தனியாகக் கிடந்து, கீழே அவள் கேட்கும் வானொலியின் முணுமுணுப்பைத் தரைப்பலகை வழியே கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு அவள் பக்கத்தில் இல்லாமல் தூக்கம் வரவில்லை. இக்காவியத்தின் மூலகாரணம் அவ்வளவுதான்.

அங்ஙனம் இருக்கும் நாளில், ஆகஸ்டின் பின்பாதியில் ஒரு சனிக்கிழமை, வானொலி திருவாய் மலர்ந்தது: இரும்பு இரவுகள் வருகின்றன. கோடையின் கடைக்கோடியில் திடீரென்று உறைபனி இறங்கி உருளைக்கிழங்குச் செடியைக் கருக்கிவிட்டுப் போகும் இரவுகளுக்கு அந்நாட்டார் இட்ட பெயர் அது. பார்ப்ரு வானொலியை அணைத்தாள், கணவனை நோக்கினாள், முழங்கினாள்.

"இந்தா பாரு ஸ்டூரே. அந்த மாடி ஜன்னலு இன்னிக்கு ஏறலேன்னா நான் இந்தக் குளிருக்கும் இங்கதான். அப்புறம் நீ ஆறு மாசம் மொகத்தத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

கேட்டனன் ஸ்டூரே. கேட்டலும் அவன் மீசை துடித்தது; கையிலிருந்த ரொட்டித்துண்டு மேசைமேல் வீழ்ந்தது, வெண்ணெய்ப் பக்கம் கீழாக. 'இன்று ஒன்பதாம் சாளரத்தை யான் கொள்ளேனாயின், என் காபி ஆறுக. என் தூண்டிலில் மீன் படாதொழிக. பக்கத்து வீட்டு ஃபோல்கே என் வேலிமேல் சாய்ந்து நாடோறும் எனக்கு அறிவுரை பகர்க' என்று அவன் உள்ளம் வஞ்சினம் கூறிற்று. வாய் சொன்னது வேறு.

"இன்னிக்கு முடிச்சிடறேன்."

பார்ப்ரு தலையசைத்தாள். இதே சொற்களை அவள் ஜூனிலும் கேட்டிருக்கிறாள்.

கோட்டை முற்றுகைக்குப் புறப்படும் வேந்தர் உழிஞைப் பூச் சூடுவது பழந்தமிழ் வழக்கு. உழிஞை அக்குளிர்நாட்டில் முளைப்பதில்லை. ஆதலின் ஸ்டூரே காதுமேல் ஒரு தச்சுப் பென்சில் செருகினான். வண்ணக்கடையார் இலவசமாகத் தந்த தொப்பியை முடியாகத் தரித்தான். முழங்காலில் ரப்பர்க் கவசம் பூண்டான். இடுப்பில் சுத்தியலும், கையில் இழைப்புளியும், சட்டைப்பையில் ஓர் இலவங்கப்பட்டை பன்னும் ஏந்தி, கொம்பூதுவார் இல்லாத குறையால் தானே சீழ்க்கையடித்துக்கொண்டு களஞ்சியத்துக்குள் புகுந்தான்.

உள்ளே, பழைய படகுக்குப் பின்னால், மனையின் உட்சட்டங்கள் பன்னிரண்டும் சுவரில் சாய்ந்து நின்றன. மனையைக் கட்டிய தச்சர் ஒவ்வொரு சட்டத்தின் அடிக்கட்டையிலும் ரோமானிய எண்ணைச் செதுக்கியிருந்தார்; அதே எண் அதற்குரிய நிலையிலும் உண்டு. எந்த ஒழுங்கில் எண்ணினார் என்பது அவருக்கே வெளிச்சம். மாடியில் ஒன்று, அடியில் ஒன்று, மீண்டும் மாடி என்று சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார். ஒரு சட்டம் இன்னொரு நிலையில் பொருந்தாது, அது மட்டும் உறுதி. மாடிப் படுக்கையறை நிலையில் இருந்தது ஒன்பது. அதாவது, முதலில் ஒரு கோடு, அதையடுத்து ஒரு பெருக்கல் குறி: IX.

இங்கே விதி தன் மூக்கை நுழைத்தது. வசந்தத்தில் சட்டங்களை அடுக்கிய கைகள், அவை வேறு யாருடைய கைகளும் அல்ல, ஸ்டூரேயின் கைகளே, பதினொன்றாம் சட்டத்தைத் தலைகீழாகச் சாய்த்து வைத்திருந்தன. பதினொன்று என்பது பெருக்கல் குறி முதலும் கோடு பின்னுமாக எழுதப்படுவது: XI. அதைத் தலைகீழாக நிறுத்தினால் ஒன்பது. அடிக்கட்டையில் இருக்க வேண்டிய எண் தலைக்கட்டையில் இருக்கிறதே என்று நீரும் நானும் கேட்போம். காவிய நாயகர்கள் இத்தகைய அற்பங்களைக் கண்ணால் நோக்குவதில்லை. ஸ்டூரே அந்தச் சட்டத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு, 'வா என் ஒன்பதே' என்று அன்போடு அழைத்து, மாடிப்படி ஏறினான்.

தூசு துடைத்து, உதிர்ந்த லப்பத்தைச் சுரண்டி, புது லப்பத்தைக் கட்டைவிரலால் அழுத்தி வழித்துக் கண்ணாடிகளுக்குக் கரைகட்டி முடித்தபின், மார்பு விரித்து, மூச்சடக்கி, அவன் சட்டத்தை நிலையின்மேல் ஏற்றினான். ஏறவில்லை. இடப்பக்கம் நுழைந்தால் வலப்பக்கம் நின்றது. வலப்பக்கம் நுழைந்தால் இடப்பக்கம் அவனைப் பார்த்துப் பல்லிளித்தது. ஒரு விரற்கடை மிகை. சட்டம் தன் கடமையைச் செய்யும் என்பார்கள். இந்தச் சட்டம் செய்யவில்லை. தோளால் மோதினான். முழங்காலால் முட்டினான். முதுகைக் கொடுத்து, கட்டிலின் காலில் பாதங்களை உதைத்து, பள்ளத்திலிருந்து வண்டியை மீட்பவன்போல் முனகினான். கட்டில் நகர்ந்தது, சட்டம் நகரவில்லை.

கோட்டைக்குள்ளிருந்து எதிர்ப்படையும் கிளம்பிற்று. வெளிச்சட்டத்தின் இடுக்கில் கோடை முழுவதும் குடியிருந்த குளவிகள், யாரையும் தாம் தொந்தரவு செய்யாதிருக்கத் தம்மை மட்டும் ஏன் இடிக்க வேண்டும் என்று வெகுண்டு, நொச்சி சூடிய மறவர்போல் அணியணியாக வெளிவந்தன. அவற்றுள் முதல்வன் ஸ்டூரேயின் காதுமடலைத் தேர்ந்தான். அக்கணம் ஸ்டூரே பகர்ந்த சொற்கள் அந்நாட்டு வழக்கில் நரகத்தையும் அதன் தலைவனையும் மாறி மாறி அழைப்பவை, காவியத்துக்கு உதவாதவை. தொப்பியைச் சுழற்றினான், போர்வையால் வீசினான், வெளிச்சட்டத்தை அகலத் திறந்துவிட்டான். குளவிகள் ஏரிப்பக்கமாகப் பின்வாங்கின. வீங்கிய காது ஒன்றைத் திறையாகக் கொடுத்து ஸ்டூரே முதற்போரை வென்றான்.

இனிப் பொறுப்பதில்லை என்று அவன் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டான். முற்றத்தில் இரண்டு மரத்தாங்கிகளின்மேல் அதைக் கிடத்தி, இழைப்புளியின் அலகைத் தீட்டி, மழைக்கால ஈரத்தில் மரம் ஊதியிருக்கிறது என்று தனக்குத்தானே தீர்ப்பு வழங்கி, சீவத் தொடங்கினான். சுருள் சுருளாகச் சீவல் பறந்தது. வெண்சுருள், பொற்சுருள், பழைய வண்ணம் ஒட்டிய நீலச்சுருள். புல்வெளி நரைத்தது. அவன் மீசையிலும் ஒரு சுருள் தொங்கியது. ஏற்றிப் பார்த்தான், ஏறவில்லை. இறக்கிச் சீவினான். மீண்டும் ஏற்றினான், மீண்டும் இறக்கினான். மாடிப்படியில் அவன் போய்வந்ததைக் கூட்டினால் ஒரு குன்றின் உச்சியைத் தொட்டிருப்பான்.

அப்போது வேலியருகே தோன்றினான் ஃபோல்கே. சென்ற ஆண்டே தன் வீட்டுச் சாளரம் அத்தனையையும் பிடுங்கி எறிந்து மூவடுக்குக் கண்ணாடி போட்ட பிளாஸ்டிக் சாளரங்களைப் பொருத்தியவன். அதற்குப்பின் செய்வதற்கு வேலையேதும் இல்லாமல் போனவன். மடக்கு நாற்காலியை விரித்தமர்ந்து, காபியை ஊதியபடி, சீவல் குவியலை நெடுநேரம் நோக்கினான்.

"ஏம்ப்பா, ஜன்னல் மாட்டறியா, இல்ல படகு செய்யறியா?"

ஸ்டூரே இன்னொரு சுருள் சீவினான். கடைசியில் காற்று வருகிறதா இல்லையா என்பதுதான் கேள்வி என்றும், தன் வீட்டில் மெழுகுவர்த்தியை ஜன்னலோரம் வைத்தால் சுடர் அசையாது என்றும், இங்கேயும் வைத்துப் பார்ப்போமா என்றும் ஃபோல்கே தொடர்ந்து அறிவுரை பகர்ந்தான். வஞ்சினத்தின் மூன்றாம் பகுதி முன்கூட்டியே பலித்துவிட்டதை ஸ்டூரே உணர்ந்தான். முதற்பகுதியும் பலித்திருந்தது, முற்றத்துத் திண்டின்மேல் அவன் வைத்திருந்த காபி ஆறிப்போயிருந்தது.

கதிரவன் ஃபிர் மரங்களின் தோளில் சாய்ந்தான். ஏரியிலிருந்து குளிர்க்காற்றின் ஒற்றன் ஒருவன் வந்து ஸ்டூரேயின் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனான். அவனுக்குள் சட்டென்று ஒரு பயம் எழுந்தது. இன்னொரு குளிர்காலம் முழுதும் அந்தக் கட்டிலின் பாதியில் படுத்து, மறுபாதி சில்லிட்டுக் கிடப்பதைக் கையால் தடவிப் பார்க்க வேண்டியிருக்கும் என்று எண்ணினான். அந்தப் பயத்தோடே எஞ்சியிருந்த மிகையையும் சீவினான், விளிம்பெங்கும் மெழுகு தேய்த்தான், மாடிக்குத் தூக்கினான், ஒரு மரத்துண்டை அணைகொடுத்துச் சுத்தியலால் நாற்புறமும் தட்டினான்.

'டக்' என்றது.

ஆகா, அந்த ஒலியை எவ்வாறு உரைப்போம். கோட்டைக் கதவு வீழ்ந்த ஒலி அது. நிலை சட்டத்தைத் தழுவிய ஒலி. ரசமட்டத்தின் குமிழி நடுவில் நின்று அசையவில்லை. ஸ்டூரே சாளரத்தின் நான்கு மூலைகளையும் தடவினான். நூலிழையும் நுழைய இடமில்லை. முரசறைவார் இல்லாததால் சுத்தியலால் தரையைத் தட்டிப் பார்ப்ருவை அழைத்தான்.

அவள் மெழுகுவர்த்தியோடு வந்தாள். ஃபோல்கேயின் அறிவுரை அவள் காதிலும் விழுந்திருந்தது போலும். சாளரத்தின் ஓரமெங்கும் சுடரைக் காட்டினாள். ஊசிபோல் நிமிர்ந்து நின்றது சுடர். ஸ்டூரே மூச்சு விடவும் அஞ்சினான், தன் மூச்சில் அது ஆடிவிட்டால் என்ன செய்வது என்று. அவ்வட்டாரத்தார் 'ஆம்' என்று சொல்ல வாய் திறப்பதில்லை. உதட்டைக் குவித்துக் காற்றை உள்ளே உறிஞ்சுவார்கள். பார்ப்ரு உறிஞ்சினாள். அவன் இத்தனை ஆண்டு இல்லறத்தில் கேட்டவற்றுள் மிக நீண்ட உறிஞ்சல் அது.

வீரனின் நெஞ்சு பூரித்த அந்த வேளையில் அவள் சுடரை ஊதி அணைத்தாள்.

"நல்லாத்தான் செஞ்சிருக்க. ஆனா எனக்கு அடுப்படி பழகிப்போச்சு ஸ்டூரே. ரேடியோ பக்கத்துல, அடுப்பு பக்கத்துல. கொஞ்ச நாள் போகட்டும், பாப்போம்."

அந்தோ, கோட்டை வீழ்ந்தது, கோட்டைக்குரியவள் வரவில்லை. உள்ளுக்குள் இடிந்துபோன ஸ்டூரே, காதைத் தடவிக்கொண்டு, சரி என்றான். எடுத்த கையோடு அடுப்படி ஜன்னலுக்கும் உட்சட்டத்தை ஏற்றிவிடு, சோபாவுக்கு நேர் மேலே இருக்கிறது, இரும்பு இரவில் முதுகில் காற்றடிக்கும் என்று அவள் சொன்னாள். அதற்கும் சரி என்றான். அவளை மாடிக்கு வரவிடாத அந்தக் கதகதப்புக்குத் தானே காவல் கட்டப் போவதை எண்ணிக்கொண்டு கால்களை இழுத்தபடி களஞ்சியத்துக்குப் போனான்.

அடுப்படி நிலையில் செதுக்கியிருந்த எண் பதினொன்று. களஞ்சியத்தில் ஒரு சட்டம், அதுவும் தலைகீழாகவே, பதினொன்று என்று தன்னை அறிவித்துக்கொண்டு சாய்ந்திருந்தது. இம்முறை பென்சில் இல்லை, வஞ்சினம் இல்லை, சீழ்க்கை இல்லை. முற்றத்திலிருந்த இழைப்புளியை மட்டும் முன்யோசனையோடு கக்கத்தில் வைத்துக்கொண்டான். இதுவும் மாடிச் சட்டம்போல் முரண்டு பிடிக்கும் என்ற அச்சம். சோபாவின்மேல் ஏறி நின்று, பல்லைக் கடித்து, தன்னிடம் எஞ்சியிருந்த வலிமையையெல்லாம் தோளில் திரட்டி, ஒரே தள்ளாகத் தள்ளினான்.

சட்டம் முரண்டு பிடிக்கவில்லை. மிகுந்த பணிவோடு நிலைக்குள் நுழைந்தது. நுழைந்து, வெளிச்சட்டத்தில் முட்டி, பிடிக்க விளிம்பேதும் கிடைக்காமல் திரும்பி, அவன் கைகளுக்கு நடுவே நழுவி, பார்ப்ருவின் தலையணைமேல் 'பொத்' என்று வந்து படுத்துக்கொண்டது. கண்ணாடி உடையவில்லை. ஸ்டூரே மீண்டும் எடுத்து வைத்தான். இருபுறமும் சேர்த்து ஒரு விரற்கடை இடைவெளி. இடப்புறம் ஒட்டினால் வலப்புறத்தில் ஃபோல்கேயின் வீடு தெரிந்தது.

பார்ப்ரு மூக்குக்கண்ணாடியை மாட்டினாள். சட்டத்தை வாங்கினாள். எண்ணைப் பார்த்தாள், பிறகு, எத்தனையோ வேந்தர்களுக்குத் தோன்றாத ஒன்றைச் செய்தாள். சட்டத்தைத் தலைகீழாகத் திருப்பினாள்.

"இது ஒம்பது."

ஸ்டூரே பார்த்தான். கோடு முதலில், பெருக்கல் பின்னால். ஒன்பதேதான்.

"அப்போ மேல நீ காலையிலேருந்து செதுக்கினது?"

பகைவர் குருதியால் சிவந்த களத்தைக் கண்டவன்போல் அவன் சன்னல் வழியே முற்றத்தை நோக்கினான். பதினொன்றாம் சட்டத்தின் மிகைப்பட்ட சதையெல்லாம் புல்மேல் சுருள்சுருளாகக் கிடந்தது. ஃபோல்கே அதில் ஒன்றை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டிருந்தான். ஒட்டவைக்க இயலாதென்பது நாயகனுக்கும் தெரியும். ஊர்த் தச்சனைக் கூப்பிடலாம் என்றால், அவன் ஏற்கெனவே துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறான். செப்டம்பர் பிறந்ததும் ஊரின் கைவினைஞர் அத்தனைபேரும் மூஸ் மான் வேட்டைக்குக் காட்டுக்குள் போய்விடுவார்கள், அதன்பின் அவர்களை வெண்பனி கொட்டியபிறகுதான் பார்க்கலாம்.

பார்ப்ருவின் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று அவன் பதறினான். அவள் சோபாவில் உட்கார்ந்து, சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"மேல ஒரு ஜன்னலுக்கு ரெண்டு சட்டம். இங்க ஒண்ணுமில்ல. எம் முதுகுக்கு நேரா ஒண்ணுமில்ல, ஸ்டூரே."

"பஞ்சு வெச்சு அடைச்சுடறேன்" என்றான் அவன், குற்றவாளிக் குரலில்.

"ஒண்ணும் வேணாம். நீ எதையும் தொடாத."

திசைகள் அதிரச் சங்கங்கள் முழங்கின என்று பாடுவோம். ஏரியில் மீன்கள் துள்ளின, ஃபிர் மரங்கள் சாமரம் வீசின, பிளாஸ்டிக் சாளரங்கள் பொறாமையால் வியர்த்தன என்று பாடுவோம். இழைப்புளி பிடித்தவன் வீரத்தால் கொள்ள முடியாத கோட்டையை எண்ணறியாமையால் கொண்டான் என்று பாடுவோம். வெற்றிவாகை சூட வேண்டிய தலையில் சீவல்சுருள் சூடி, ஒரு காது மறுகாதினும் இருமடங்காக வீங்கி, தலையணையைக் கக்கத்தில் இடுக்கிய தலைவி முன்னே செல்ல, வானொலிப் பெட்டியை ஏந்திப் பின்னே படியேறிய பெருந்தகையின் புகழ் இரும்பு இரவுகள் உள்ளளவும் நிற்பதாக.

பார்ப்ரு சுவரோரமாகப் படுத்தாள், ஸ்டூரே ஜன்னலோரமாகப் படுத்தான்.